மேடோவர் செய்த வீடு

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுவாரமே தூத்துக்குடியில் வீட்டு விலை பாதியாக இறங்கியது. அய்யாக்குட்டி உப்பளத்துக் கணக்கு வேலையை விட்டுவிட்டுத் தரகில் இறங்கியது அப்போதுதான். ஊரைவிட்டு ஓடுகிறவர்களுக்கு ஐம்பதோ நூறோ அச்சாரம் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாக உடன்படிக்கை எழுதிக்கொள்வான். வீடு வாங்கும் எண்ணமே அவனுக்குக் கிடையாது. கெடு முடிவதற்குள் அந்தக் காகிதத்தை லாபம் வைத்து வேறொருவர் பேருக்கு மாற்றியெழுதி மேடோவர் செய்துவிடுவான். கிரயப் பணத்தைக் கொடுத்து வீட்டை எடுத்துக்கொள்வது அவர் பாடு.

கடற்கரை ரோட்டு வீட்டைத் தேவகனி ஆயிரத்து இருநூறுக்கே தரச் சம்மதித்தாள். பாளையங்கோட்டையில் கன்னியர் மடத்து விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது. அங்கே ஆண்களைத் தங்கவிடமாட்டார்கள். அவள் அண்ணன் ரோச்சுக்கு முத்துக்குளித்த காலத்திலேயே காது போய்விட்டது. இப்போது காலும் விழுந்துவிட்டது.

“தெருப் பக்கத்து அறையில அண்ணன் இருந்துக்கிடட்டும் அண்ணாச்சி. அதுக்குத்தான் விலையக் கொறச்சேன். கிரயம் வரைக்கும் பக்கத்து வீட்டுல கஞ்சி குடுப்பாக. அப்பறம் நீங்க குடும்பத்தோட குடிவந்து பாத்துக்கிடுவீகல்லா?”

“வராம? அவரு பாட்டுக்கு இருக்கட்டும்” என்றான் அய்யாக்குட்டி. உடன்படிக்கையில் அந்த அறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டு மாதம் ஒருவரும் சீந்தவில்லை. பிறகு பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை எடுத்திருந்த தளவாய், துறைமுகத்துக்குப் பக்கத்தில் சாமான் அடுக்கிவைக்கக் கிட்டங்கி வேண்டுமென்று முந்நூற்றைம்பது கொடுத்து உடன்படிக்கையை மேடோவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் முழுவதையும் அய்யாக்குட்டி இன்னும் மூன்று வீடுகளுக்கு அச்சாரமாகப் போட்டான்.

ஒரு திங்கட்கிழமை தளவாய் ஆள் அனுப்பினார்.

“வீட்டைப் பாத்துட்டு வாரேன். ஒருத்தன் கட்டில்ல கெடக்கான். யாருவே அது?”

அய்யாக்குட்டி சொன்னான்.

“அது நீரு குடுத்த வாக்கு. நான் வாங்கினது காயிதம். வெள்ளிக்கிழமை கிரயம், வீடு காலியா இருக்கணும்.”

“உங்க பணத்தத் தாரேன். காயிதத்தத் திருப்பிக் குடுத்திருங்க.”

“எழுநூறு கொண்டாரும், தாரேன்.”

எழுபதுகூட அவனிடம் இல்லை. மூன்று வீட்டுக்காரர்களிடமும் போய் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டான். நீயாகப் பின்வாங்கினால் அச்சாரம் எப்படி வரும் என்று மூன்று பேரும் கேட்டார்கள். அவனே எழுதிய ஷரத்துதான்.

வியாழக்கிழமை கிரயத்துக்காகத் தேவகனி வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான்.

“நான் கையெழுத்துப் போடமாட்டேன்னா?”

“கோர்ட்டுக்கு இழுப்பாரு. காயிதம் அவரு பக்கம் இருக்கு.”

“அப்ப எங்க அண்ணன எங்கன கொண்டு வைக்க? சொல்லுங்க.”

“எங்க வீட்டுல” என்றான். சொன்ன பிறகுதான் மனைவி சீனித்தாயிடம் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது.

மறுநாள் பத்திர ஆபீசில் தேவகனி கையெழுத்துப் போட்டாள். அவன் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் பஸ் ஏறினாள். சாயங்காலம் மாட்டுவண்டியில் ரோச் கட்டிலோடு வந்து இறங்கினார். வாடகை வீடு, இரண்டே அறை. சீனித்தாய் அரிசிப் பானைகளை அடுப்படிக்கு நகர்த்தி இடம் விட்டாள்.

“எத்தன நாளைக்கு?”

அவன் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டான். அதன்பின் அவள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

மூன்று உடன்படிக்கைகளும் கெடு தாண்டி வெறும் காகிதமாயின. உப்பளத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கோவில்பட்டி மில்லில் ஒரு வேலை வந்தது. கட்டிலில் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? போகவில்லை. மூட்டை எண்ணும் கூலியாகத் துறைமுகத்துக்குப் போனான்.

காது கேளாதவருக்கே உரிய உரத்த குரலில் ரோச் கேட்பார்: “என் அறைக்கு எப்பப் போகலாம்?”

வெள்ளையடிக்கிறார்கள் என்று அய்யாக்குட்டி கையால் சுவரில் தேய்த்துக் காட்டி, இரண்டு விரலை நீட்டுவான். இரண்டு மாதம். ரோச் தலையாட்டிக்கொள்வார். அடுத்த முறையும் இரண்டு விரல்தான்.

போர் முடிந்த வருஷம் ஒருநாள் ரோச் ஒன்றும் கேட்கவில்லை. அய்யாக்குட்டிதான் பழக்கத்தில் விரலை நீட்டினான். ரோச் அந்த விரல்களைப் பிடித்து மெல்ல மடக்கினார்.

“கை வலிக்கப்போவுது” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.