கொள்ளுக்கொடி சுற்றிய கார்

ஓடும் காரில் காகிதத்தைப் பார்த்தாலே லூர்துமேரிக்கு வாந்தி வரும். அப்படிப்பட்டவள்தான், அண்ணன் அருள்நாதன் கார் ரேலி ஓட்ட, பக்கத்து சீட்டில் வரைபடம் பார்த்து வழி சொன்னாள். மூன்று வருஷமாக, மடியில் ஒரு மஞ்சப்பையோடு. அதை எட்டிப்பார்க்க யாரும் ஆசைப்பட்டதில்லை.

இதைக் கேள்விப்பட்ட மெட்ராஸ் டெலிவிஷன்காரர்கள் அவளை வாராவாரம் மோட்டார் பற்றிப் பேசவைத்தார்கள். அவள் ஊரான கம்பைநல்லூரில் டெலிவிஷன் பெட்டியே கிடையாது. அதனால் மானம் தப்பியது.

எழுபத்தெட்டு தை மாசம் ரேலி அவள் ஊர்ப்பக்கத்து அரூருக்கே வந்தது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நீங்க பட்டுப்புடவை கட்டிட்டு அரூர்ல நின்னு, வர்ற காரையெல்லாம் வரவேத்துப் பேசுங்க. காரா, மைக்கா? ஒண்ணச் சொல்லுங்க."

"கார்ல உக்காந்துகிட்டே பேசறனுங்க."

"அது நடக்காதும்மா."

"பாக்கலாமுங்க" என்று கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பைநல்லூர் தாண்டியதும் ரோடு முழுக்க அறுத்துப் பரப்பிய கொள்ளுச்செடி. போகிற வண்டிச் சக்கரமெல்லாம் ஏறினால் காய் உடைந்து கொள்ளு உதிரும். அதில் ஏறாமல் ஓரம் ஒதுங்கிப் போகிறவனை அந்தப் பக்கத்தில் மனுசனாக மதிக்கமாட்டார்கள். கொள்ளுக் காட்டுக்காரி தீர்த்தம்மாள் கையை ஆட்டினாள்.

"அட, நம்ம லூர்து! மேலயே ஏத்துங்க சாமி!"

"ஓரமாப் போயிரலாம் புள்ள" என்றான் அருள்நாதன்.

"சும்மா ஏத்துண்ணா. நம்ம சனம்."

ஏற்றினான். கொடி சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு புகைந்தது. கார் நின்றுவிட்டது. மற்ற கார்களெல்லாம் மரியாதை தெரியாமல் ஓரமாக, ஜோராகப் போய்ச்சேர்ந்தன.

தீர்த்தம்மாளிடம் அரிவாளை வாங்கிக்கொண்டு லூர்துமேரி காருக்கடியில் புகுந்தாள். பின்னாலேயே ஜீப் வந்து நின்றது.

"இப்பவாச்சும் இதை விட்டுட்டு ஜீப்புல ஏறுங்க" என்றார் தயாரிப்பாளர்.

காருக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. "அந்த மைக்கக் குடுங்க."

கேமராக்காரர் ரோட்டில் குப்புறப் படுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கார் நின்னதுக்கு வழி சொன்னவதான் காரணம். அது நான்தான். பொம்பள வழி சொன்னா இப்படித்தான்னு சிரிக்கிறவங்க நல்லாச் சிரிச்சுக்குங்க. இந்தக் கார் அரூருக்குப் போவும். நானும் இதுலதான் போவேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சக் கொடியை அறுத்தாள்.

அரூரில் இவர்கள் கார்தான் கடைசி. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வாரத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் தயாரிப்பாளர்.

"பாருங்க. நல்லாப் பேசற புள்ளையாப் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த விளக்கு வெளிச்சமும் மைக்கும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தன.

"நாளைக்கு சேலம் ரோடு. வர்றியா?" என்றான் அண்ணன்.

"பின்ன? உன்னத் தனியா உட்டா திருவண்ணாமலைக்குப் போய்ச் சேருவ."

தன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, எட்டி ஆரனை அழுத்தினாள். பந்தல்காரர்கள் மூங்கிலோடு விலகி வழிவிட்டார்கள்.