தண்ணீர் வந்தது

வித்யாஸ்ரீ கெட்டிக்காரி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவளுக்குத் துளிகூட இல்லை. முள்ளுக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கொல்லிமலைக்கு வந்து, மலையூர்களுக்குக் குடிதண்ணீர் விடும் ஒரு அறக்கட்டளையின் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பும் ஒவ்வொரு ஊர்த் தொட்டிக்காரரும் காலையில் போன் பண்ணி, தண்ணீர் விட்டாச்சா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவள் அதைப் பதிய வேண்டும். பத்து மணிக்கு ரிப்போர்ட் தானாகக் கிளம்பி ராசிபுரத்திலிருக்கும் மேனேஜர் அர்த்தனாரியின் போனுக்குப் போய்விடும். அப்படி நேரம் குறித்து வைத்தவளும் அவள்தான்.

ஆனால் மலையில் சிக்னல் என்பது சாமி வரம் மாதிரி, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பாறை மேல் ஏறி நின்று கத்தினாலும் பாதிப் பேச்சுதான் வரும். மழை பிடித்துவிட்டால் அதுவும் இல்லை. தகவல் வராத ஊரெல்லாம் ரிப்போர்ட்டில் சிவப்பாக நிற்கும். அர்த்தனாரி போனில் பிடித்துக்கொள்வார்.

"ஏம்மா, இது ரிப்போர்ட்டா, இல்ல மொளகாப் பழம் காயப்போட்ட களமா?"

எத்தனை நாள்தான் திட்டு வாங்குவாள்? போன் வராவிட்டால் என்ன, தண்ணீர் போய்க்கொண்டுதானே இருக்கும் என்று நினைத்தாள். ஒரு மதியம் உட்கார்ந்து அமைப்பை மாற்றினாள். தகவல் வராத ஊருக்குக் கடைசியாக வந்த பதிவையே எடுத்துக்கொள். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து எல்லா ஊரும் பச்சை! மாதக் கூட்டத்தில் அர்த்தனாரி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். இவளும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சிவப்பு போயிற்று என்று அவர் கேட்கவில்லை. இவளும் வாயைத் திறக்கவில்லை.

மலைமேல் குண்டூர் நாட்டு ஊர் ஒன்றிலிருந்து மாராயி என்ற பெண் போன் பண்ணியது அதற்குப் பிறகுதான்.

"ஏனுங்க, எங்கூருக்கு மூணு நாளா சொட்டுத் தண்ணி வரலீங்க. மாரியாயி கோயில் நோம்பி சாட்டிக் காப்புக் கட்டியாச்சு, ஊடு வாச கழுவ வேண்டாமுங்களா?"

வித்யாஸ்ரீ ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாள். மூன்று நாளும் பச்சை. 'தண்ணீர் வந்தது.'

"இங்க தெளிவா இருக்குதுங்க, தண்ணி விட்டாச்சு. உங்க ஊருக்குள்ளயே யாரு எடுக்கறாங்கன்னு பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்தாள். தான் போட்ட கணக்கைத் தானே நம்பினாள், கூத்தைப் பாருங்கள்.

அடுத்த வாரம் அந்த ஊர்த் தொட்டிக்காரன் வேல்முருகன் மைசூர்பாக்குப் பெட்டியோடு ஆபீஸுக்கு வந்தான். சேலம் ஆஸ்பத்திரியில் பொண்டாட்டிக்குப் பிரசவம், சிக்கலாகிவிட்டதாம்.

"திடீர்னு போவ வேண்டியதாப் போச்சுங்க. யாருக்கும் சொல்ல முடியல. மோட்டார் ரூம் சாவியும் எங்கிட்டயே தங்கிப்போச்சு. நான் போன் பண்ணலீன்னா நீங்க வேற ஆளு அனுப்புவீங்கன்னு நெனச்சேனுங்க."

மைசூர்பாக்கு வாயிலேயே நின்றுவிட்டது. அவன் இல்லாத அத்தனை நாளும் ரிப்போர்ட் பச்சையாகவே போயிருந்தது. அவள் அந்த ஊருக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

மாராயி வாய் நிறையச் சிரித்து வரவேற்றாள்.

"வா கண்ணு, போன்ல பேசுன புள்ள நீதானா? நீ சொன்னது நூத்துக்கு நூறு. தண்ணி வந்துருக்குது, ராத்திரியோட ராத்திரியா தொட்டியக் காலி பண்ணியிருக்காங்க. வால்வு எங்க நங்கை ஊட்டுப் பக்கத்துலதான இருக்குது? அவ மொளகு நாத்து மட்டும் பச்சப்பசேல்னு நிக்குது. ஊத்துலருந்து தலச்சுமையாக் கொண்டாந்து ஊத்துனேங்கறா. யாரு நம்புவா? ஆபீஸ்லயே சொல்லிட்டாங்கன்னு ஊர்க் கூட்டத்துல போட்டு உடைச்சேன்."

"அப்புறம்?" என்றாள் வித்யாஸ்ரீ.

"அப்புறம் என்ன, மாரியாயி கோயில் முன்னால எரியற சூடத்தக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணுனா. துணிஞ்சவ!"

நங்கை என்றால் மாராயியின் அண்ணன் பெண்டாட்டி பொன்னாயி. அவள் இடுப்பில் குடத்தோடு அந்நேரம் வாசலைக் கடந்து போனாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வித்யாஸ்ரீக்குக் காது இரண்டும் சுட்டது. ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள்.

"அம்மா, நீங்க தண்ணி எடுக்கலீங்க. மோட்டாரே ஓடலீங்க. வேல்முருகன் சொல்லாமக் கொள்ளாம சேலம் போயிட்டாரு." பழி அவன் தலையில் போய் உட்காரும் வரை காத்திருந்தாள். அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போயிற்று!

பின்னாலேயே வந்த மாராயி திகைத்தாள். "மோட்டார் ஓடலீன்னா தண்ணி வந்துச்சுன்னு நீ எப்படிச் சொன்ன?"

"அது வந்துங்க... கம்ப்யூட்டர் தப்பாக் காட்டிருச்சு."

பொன்னாயி குடத்தை இறக்கி வைத்தாள். "கம்ப்யூட்டரா? அப்ப அதயும் கோயிலுக்குக் கூட்டியாந்து சூடம் அணைக்கச் சொல்லு. நான் அணைச்சேனில்ல?"

வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இன்னும் ஆறவில்லை.

"கம்ப்யூட்டர் இல்லீங்க" என்றாள் வித்யாஸ்ரீ. உதடு கோணியது. "நான்தானுங்க. போன் வரலீன்னாலும் தண்ணி வந்துச்சுன்னே காட்டறாப்புல நான்தான் செஞ்சு வெச்சேன். திட்டு வாங்கக் கூடாதுன்னு செஞ்சேன். இந்தக்கா போன் பண்ணப்போ வேல்முருகனைக் கேட்டிருக்கோணும். கேக்கல. மன்னிச்சிருங்க. உங்களைத் திருடியாக்கினது நான்தான்."

சொன்ன பிறகு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பொன்னாயி திட்டுவாள், அறைவாள், அறைந்தால்கூட நல்லது என்று நின்றாள்.

மாராயி நங்கையின் தோளைத் தொடப் போனாள். "நங்கே, நான்..."

பொன்னாயி விலகிக்கொண்டாள்.

"நீ அழுவாத சாமி" என்றாள் வித்யாஸ்ரீயிடம். "நீ யாரோ, நான் யாரோ. எம்மூஞ்சியக்கூட நீ பாத்ததில்ல. இவ அப்படியா? நான் கல்யாணமாகி வந்தன்னிக்கு எம்பொடவையப் புடிச்சுக்கிட்டே தூங்குனவ. இத்தன வருசம் என் கையால சோறு தின்னவ. நீ போன்ல ஒரு வார்த்த சொன்ன. இவ உன்னைய நம்புனா."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சாயந்தரம் பூசைக்கு ஊரு கூடும். இப்ப சொன்னத அங்க வந்து சொல்லீட்டுப் போ."

"சொல்றேனுங்க" என்றாள் வித்யாஸ்ரீ.

பொன்னாயி போய்விட்டாள். மாராயி வாசலிலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற உலகத்தில் யாருக்கு உரிமை இருந்தாலும் தனக்கு இல்லை என்பது வித்யாஸ்ரீக்குத் தெரிந்தது. பூசைக்கு மணி அடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.