திறந்து விட்ட கன்ஸ்ட்ரக்டர்

மருத்துவமனை மென்பொருளில் நோயாளி அட்டைக்கான நிரலை எழுதியவள் பெரிசாத். கண்டவர்கள் கண்ட இடத்தில் புது அட்டை போட்டுவிடக் கூடாதென்று அதில் புது அட்டையை உருவாக்கும் பகுதியான கன்ஸ்ட்ரக்டரை, வேறு யாரும் நேராகக் கூப்பிட முடியாதபடி பிரைவேட் ஆக்கிப் பூட்டியிருந்தாள். அட்டை வேண்டுமென்றால் ஒரே வாசல்தான். அது அடையாள எண்ணைக் கேட்கும். பழைய அட்டை இருந்தால் அதையே கொடுக்கும், இல்லாவிட்டால்தான் புதிது. அந்த வாசல் வழியாக வந்த முதல் அட்டை அவள் அப்பா சொவெத்பெக்குடையது. பென்சிலின் ஆகாது என்று அதில் அவளே பதிந்திருந்தாள்.

நூருஸ் புத்தாண்டுக்கு முந்தின நாள் மேலாளர் ஜமீர்பெக் வந்து நின்றார்.

"பூட்டை எடுத்துட்டேன் பெரிசாத். எண் இல்லாம அவசரத்துக்கு வர்றவங்களுக்கு அட்டை போட முடியலையாம். ஒப்புதல் குடுத்துடு."

"அவங்களுக்குத் தனி வாசல் வச்சுத் தரேண்ணே. இப்படித் தொறந்து போட்டா ஒரே ஆளுக்கு நாலு அட்டை முளைக்கும். ரெண்டு நாள் போதும்."

"பிஷ்கெக்ல நிரல் எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதானா? காலையிலேருந்து கடிகாரத்தையே பாக்குற. குடுத்துட்டு ஊருக்குக் கிளம்பு. வந்து சரி பண்ணிக்கலாம்."

ஒருவர் மாற்றியதை இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் உள்ளே போகாது என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். பாதிப் பேர் படிப்பதே இல்லை. பெரிசாத் படித்தாள். தப்பென்று தெரிந்தே ஒப்புதல் கொடுத்தாள். அப்பா இருக்கும் நாரினுக்கு வண்டி மூன்று மணிக்கு.

விடுமுறை முடிந்து வந்தால் வேறு வேலை காத்திருந்தது. வந்து சரி பண்ணிக்கலாம் என்று சொன்ன எதை அந்தத் தொழிலில் யார் சரி பண்ணியிருக்கிறார்கள்?

இலையுதிர் காலத்தில் நாரின் சந்தையில் காய்ச்சலோடு மயங்கி விழுந்த சொவெத்பெக்கை அதே மென்பொருள் ஓடும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கையில் அடையாள அட்டை இல்லை. செவிலி புது அட்டை போட்டாள். பிறகு பக்கத்துக் கடைக்காரர் அவருடைய அடையாள எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்; அதையும் புது அட்டையிலேயே பதிந்தாள். பூட்டு இருந்திருந்தால் பழைய அட்டை வந்து நின்றிருக்கும். ஒவ்வாமை என்ற இடம் காலியாக இருந்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள்.

அடக்கம் முடிந்த அன்று ஜமீர்பெக் தொலைபேசியில் அழைத்தார். ஆறுதல் இரண்டு வரி.

"யாராச்சும் கேட்டா, எண் இல்லாம வந்தாருன்னு மட்டும் சொல்லு. ஒப்புதல் உன் பேர்லதான் இருக்கு, பாத்துக்க."

பெரிசாத் அழைப்பைத் துண்டித்தாள். மடிக்கணினியைத் திறந்து அப்பாவின் எண்ணைத் தட்டினாள். இரண்டு சொவெத்பெக்குகள் வந்தார்கள். புது அட்டையில் இறந்த தேதி இருந்தது. பழைய அட்டையை யாரும் தொடவில்லை. அதில் அப்பா இன்னும் உயிரோடு இருந்தார். அடுத்த வியாழக்கிழமை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தது.