பதினேழு வீடுகள், ஆட்கள் இல்லை

டெல்லி சரோஜினி நகரில் பழைய அரசு குவார்ட்டர்ஸை இடித்துப் போட்ட காலி மனையில், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பதினேழு வீடுகளும் ஒரு சின்ன தேவாலயமும் கொண்ட செர்பியர் கிராமம் வந்து நின்றது. அன்று பால் பூத்தில் வரிசை நீளம். பலர் எட்டு மணிக்கு மேல்தான் கவனித்தார்கள். சுவர்களில் குண்டு துளைத்த ஓட்டைகள். நாற்பத்து நான்கு டிகிரி வெயிலிலும் கூரைகளில் பனி. குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆல்பர்ட், லெட்டர்ஹெட் இல்லாமல் தும்மக்கூட மாட்டாத ஓய்வுபெற்ற அமைச்சக டைரக்டர், உடனே சந்தேகப்பட்டார். பனியை அல்ல, அனுமதியை. “ஊர் வரட்டும், போகட்டும். அப்ரூவல் குடுத்தது யாரு?” பில்டர் வேலை என்றார்கள் சிலர், சினிமா செட் என்றார்கள் சிலர். யாரும் உள்ளே போகவில்லை. ஏ.சி. இல்லாதவர்கள் மட்டும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து சந்தேகப்பட்டார்கள்.

சங்கச் செயலாளர் குழந்தைசாமி ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். அவருக்கு அந்த ஊரைத் தெரியும். யுகோஸ்லாவியா துண்டுதுண்டானபோது, ஏதோ ஒரு சர்வதேசக் கண்காணிப்புக் குழுவுக்கு டெல்லியிலிருந்து குமாஸ்தாவாகப் போனவர் அவர். குரோவேஷிய மண்ணில் தலைமுறைகளாக இருந்த அந்தச் செர்பியர்கள், தொண்ணூற்றைந்து ஆகஸ்டில் குரோவேஷிய ராணுவம் வருகிறது என்றதும் டிராக்டர்களில் ஏறிப் போய்விட்டார்கள். டிசம்பரில் இவர் ஊரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே அறிக்கை டைப்பாகி, மூன்று பிரதியிலும் மேலதிகாரி கையெழுத்திட்டிருந்தார்: வீடுகள் 17, ஆட்கள் இல்லை. போனால், ஒரு புகைபோக்கியில் புகை. பசுவை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட மிலோராட் என்பவர் ப்ளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். தேவாலயத்தில் மணல் நிரப்பிய இரண்டு தட்டுகளைக் காட்டினார். உயிரோடிருப்பவர்களுக்கு மெழுகுவர்த்தி மேல்தட்டில், செத்தவர்களுக்குக் கீழ்த்தட்டில். தனக்கென்று மேலே ஒன்று ஏற்றினார். குழந்தைசாமி சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து, அறிக்கையை அப்படியே அனுப்பினார். கையெழுத்தான காகிதத்தில் கை வைப்பதை அவருடைய அலுவலகம் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஆளில்லாத ஊருக்கு நிவாரண ரொட்டியும் விறகும் எதற்கு? போகவில்லை. அந்த வருஷம் குளிர் அதிகம்.

பால்கனியில் நின்ற மனைவி லீலாவதி கேட்டார்: “ஏனுங்க, ஒரு ஊட்டுல பொகை வருது. வாசல்ல நிக்கற பெரியவரு உங்களையேதான் பாக்கறாராட்ட இருக்குது?”

“வெயில்ல உனக்கு அப்படித் தெரியுது.”

“வெயிலு எனக்கு மட்டுமாங்க அடிக்குது?”

வியாழக்கிழமை ஆல்பர்ட் ஒரு படிவத்தோடு வந்தார். ஆட்கள் இல்லை என்று டைப் செய்தே கொண்டுவந்திருந்தார். “போய் ஒரு ரவுண்டு பார்த்துட்டு சைன் மட்டும் பண்ணுங்க, ஜி. சனிக்கிழமை புல்டோசர் வந்து ஜல்தியா முடிச்சிடும்.”

குழந்தைசாமி செருப்புக்கால் பனியில் புதையப் புதைய ஊருக்குள் நடந்தார். மிலோராடுக்கு ஒரு வயதும் கூடியிருக்கவில்லை. அதே கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். தேவாலயத்தில் மேல்தட்டு காலி. கீழ்த்தட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. மிலோராட் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு குழந்தைசாமி கையிலிருந்த காகிதத்தை. கோபமாக இல்லை. காகிதம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல. அதுதான் தாங்க முடியவில்லை. முப்பத்தேழு வருட சர்வீஸில் தொடாத காரியத்தைக் குழந்தைசாமி செய்தார்: டைப்பான வரியை அடித்து, ‘ஆட்கள்: ஒன்று. பசு: ஒன்று’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார், அது இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. நிமிர்ந்தபோது மெழுகுவர்த்தி மேல்தட்டில் எரிந்துகொண்டிருந்தது.

“அடித்தல் திருத்தலோட எப்படிங்க அனுப்பறது?” என்றார் ஆல்பர்ட்.

“ஆளு இருக்காருங்க.”

“இருந்தா?”

“இருந்தா, இருக்காருன்னுதானுங்க எழுதோணும்.”

சனிக்கிழமை வந்த புல்டோசர்காரர் படிவத்தைப் படித்தார். ஆள் இருந்தால் தனி உத்தரவு வேண்டும். பசு இருந்தால் இன்னொரு இலாகாவின் உத்தரவும் வேண்டும். திரும்பிப் போனவர் போனவர்தான். இப்போது காலனியில் பாதி வீடுகளுக்கு மிலோராடின் பசுதான் பால் தருகிறது. ஆல்பர்ட் வீட்டுக்கும்தான். அவருடைய சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை: பாலில் மிலோராட் பனியை உருக்கிக் கலக்கிறாரோ என்று.