ஐஸ் பெட்டியில் பனி

பனி விழுந்த அன்று காலை ஏழேகால் மணிக்குள் எங்கள் பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அலுவலகத்தில் வருகைப் பதிவு என் வேலை. பிள்ளை வரவில்லை என்றால் வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்து காரணம் சொல்ல வேண்டும், நான் எழுதிக்கொள்வேன். காய்ச்சல் கண்ட பிள்ளைகள் போனுக்குப் பின்னால் கும்மாளம் போடுவது எனக்கு நன்றாகவே கேட்டது. ஒரு மனிதர் தன் மைத்துனர் இறந்துவிட்டதாகச் சொன்னார். அந்த மைத்துனர் அப்போது என் மேசைக்கு எதிரே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் நான்காம் எண் பேருந்தை ஓட்டுகிறவர் அவர்தான்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் தென்கோடியில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், பனி விழுந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் விடுமுறை விட்டிருப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்குப் புதிதாக வந்த கல்வி அதிகாரி, வடக்கே பனி கொட்டும் மினசோட்டாக்காரர். இரண்டு அங்குலத்தைப் பார்த்து இதெல்லாம் ஒரு பனியா என்று கேட்டுவிட்டுப் பள்ளியைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

நாற்பத்திரண்டாவது போன் டான்ஸி. என் முன்னாள் கணவன் டெல்மரின் இப்போதைய மனைவி. புதனும் வியாழனும் என் மகள் ஜோசெட் அவர்கள் வீட்டில் இருப்பாள் என்பது நீதிமன்றம் போட்ட ஏற்பாடு. அன்று புதன். டெல்மர் இறால் படகோடு கடலில் இருந்தான். ஆக, என் ஒன்பது வயது மகளோடு அந்த வீட்டில் இருந்தது டான்ஸி மட்டும்தான்.

மற்றவர்களைப் போல அவளும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"ஜோசெட் இன்னிக்கு வரமாட்டா, மிஸ் ரெனெல். பனி விழுந்திருக்கில்ல, அதான். அவளுக்கு இது முதல் பனி. நீங்களும் ஒரு மணி நேரம் லீவு கேட்டுட்டு வாங்களேன். கரைக்குத்தான் போறோம்."

எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அந்தக் கரை ஒன்றுதான் உண்டு. போன தடவை பனி விழுந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா மீன் போட்டு வைக்கும் ஐஸ் பெட்டியின் மூடியில் உட்கார்ந்து, கால்சட்டை கிழியும்வரை அந்தக் கரையில் சறுக்கினேன். சாயங்காலம் பனியில் பாலும் சர்க்கரையும் கலந்து அம்மா ஐஸ்கிரீம் செய்து கொடுத்தாள். ஜோசெட்டுக்குப் பேச்சுப் புரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். என்றைக்குப் பனி விழுந்தாலும் நான்தான் கூட்டிப்போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். விழுந்ததுதான் விழுந்தது, ஒரு புதன்கிழமை பார்த்தா விழ வேண்டும்? அதற்கு என்னை விருந்தாளியாக வேறு அழைக்கிறாள்.

பனி என்பது காரணங்களின் பட்டியலில் இல்லை என்றேன். ஐந்து வருடமாக ஜோசெட் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை, மே மாதம் மேடையில் அதற்குச் சான்றிதழ் வாங்கப் போகிறாள் என்றேன். அந்தப் பதிவு கெட்டால் டெல்மரிடம் மட்டுமல்ல, வக்கீலிடமும் பேசுவேன் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இப்படி ஒரு நாளில் பிள்ளைகளை வகுப்பில் அடைத்து வைப்பது பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நாற்பத்தொரு காய்ச்சலையும் சிரித்துக்கொண்டே எழுதினேன். என் மகள் மட்டும் வர வேண்டும் என்றேன். மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் நானே கரைக்குக் கூட்டிப்போகலாம் என்பது என் கணக்கு.

"சரிங்க, மிஸ் ரெனெல்" என்றாள் டான்ஸி.

எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜோசெட் வந்தாள். காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலைமுடியில் நாலைந்து வெள்ளைத் துளிகள். என் ஜன்னலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பெயருக்கு நேரே 'வருகை' என்று எழுதினேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வெற்றி பதினொரு மணிவரை நீடித்தது. அப்புறம் வெயில் வந்தது. கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. ஜோசெட் வகுப்பில் அன்று வந்திருந்தது மொத்தம் ஆறு பிள்ளைகள். அவர்கள் வெளியே பார்க்காமல் இருக்க ஆசிரியை திரையை இழுத்துவிட்டுப் பின்னக் கணக்குக் கொடுத்திருந்தார். நான் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு நாலு தடவை வாசலுக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் பனி குறைந்து புல்லின் பச்சை கூடியிருந்தது. இரண்டு மணிக்கு விளையாட்டு மைதானத்தில் சேறுதான் மிச்சம்.

மூன்று மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் டான்ஸி பிக்கப் வண்டியோடு காத்திருந்தாள். மகள் வருவதற்குள் ஒரு சின்ன ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்தேன். உள்ளே பாதிவரை பனி.

"காலையில அவளை விட்டுட்டுப் போகும்போது அள்ளினேன். நீங்களே குடுங்க. நீங்க எடுத்து வச்சதுன்னு சொல்லுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். இப்படி நல்லவளாக இருக்கிறாளே என்றுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பெட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜோசெட் வந்ததும் அதை நீட்டி, "உனக்காக எடுத்து வச்சேன், கண்ணு" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவள் கையை விட்டு அள்ளினாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் மூக்கைச் சுளித்தாள். எனக்கும் அப்போதுதான் அடித்தது. இறால் நாற்றம். எத்தனை தடவை கழுவினாலும் டெல்மர் வீட்டுப் பெட்டிகளை விட்டு அது போகாது. அந்த நாற்றத்தோடு பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு, மூடியைத் திறந்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

"இது எங்க வீட்டுப் பெட்டிம்மா" என்றாள் ஜோசெட்.

எங்க வீடு என்றாள். அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்ததை உருட்டி எறிந்தாள். அது என் நெஞ்சில் பட்டுச் சிதறியது. விளையாட்டுக்கு எறியவில்லை. அத்தனை பலம் அந்தக் கைக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் இருந்த மிச்சத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பிக்கப் வரைக்கும் நடந்து, டான்ஸியின் உள்ளங்கையில் சிந்தாமல் வைத்தாள்.

சட்டையின் முன்பக்கம் நனைந்துவிட்டது. காலிப் பெட்டி அவர்களுடையது, திருப்பித் தர வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். டான்ஸி என் முகத்தைப் பார்க்காமல், விடிகாலையில் இன்னொரு தடவை விழும் என்று வானொலியில் சொன்னார்கள், பத்து மணிக்கெல்லாம் கரைந்துவிடுமாம் என்றாள். நாளைக்கு விடுப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. பக்கத்தில் ஜோசெட் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாளை வியாழக்கிழமை. அதுவும் டான்ஸியின் நாள்தான். விடுப்புக் கொடுத்தால் நான் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருப்பேன், அவர்கள் கரையில் இருப்பார்கள். ஜோசெட் சறுக்கும்போது கத்துகிற முதல் கத்தல் டான்ஸி காதில்தான் விழும்.

"காலையில ஏழு மணிக்கே எனக்குப் போன் பண்ணு" என்றேன்.

"காரணம் கேப்பீங்களே, மிஸ் ரெனெல்?"

"காய்ச்சல்னு சொல்லு. நான் எழுதிக்கிறேன்."