ழ வருவதற்கு முன்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒரு விண்ணப்பத்தின் வால். முதியோர் மாலை வகுப்புக்கு அரசு நிதி தொடர வேண்டுமென்றால், "ஒரு வெற்றிக் கதை, ஒரு பக்கத்துக்குள்" இணைக்கச் சொன்னது அலுவலகம். வகுப்பு எடுப்பவள் நான். ஆகவே கதையும் என் தலையில் விழுந்தது.

முதல் தொடக்கம்: "அறியாமை இருளில் தவித்த ஒரு பெண்மணி...

(அடித்துவிட்டேன். அந்த அக்கா எந்த இருளிலும் தவிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார். அங்கே பகலிலும் விளக்கு எரியும்.)

2

அக்காவின் கணவர் பஸ் கண்டக்டர். தெருமுனை வரை கேட்கும் தொண்டை. பக்கவாதம் வந்து பேச்சையும் வலது கையையும் கொண்டுபோய்விட்டது. இடது கையால் கோணல்மாணலாக எழுதுவார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் காட்டவும் மனம் வரவில்லை.

"புருஷன் பொண்டாட்டி பேசறத ஊரே படிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டேதான் வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் கொடுத்த சிலேட்டு அவர் வீட்டுக்குப் போய்க் கணவருக்கு வாயானது.

தண்ணீர், வலி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு சொல் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"அ வருது. கடைசில தே வருது. நடுவுல ஒண்ணு, நாம இன்னும் படிக்கல" என்று சொல்லி, பார்த்ததைப் பார்த்தபடியே பலகையில் வரைந்தார்.

அழாதே.

(ழ-வை நான் கடைசிக்கு வைத்துக்கொள்வேன். எடுத்தவுடன் சொல்லிக்கொடுத்தால் நாக்கு மடங்காமல் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.)

"என்னன்னு சொல்லட்டுமாக்கா?"

"ஐயோ, வேணாம். திட்டியிருந்தாருன்னா? நான் அழறப்பதான் இத எழுதறாரு. புரியலையேன்னு இன்னும் அழுகை வருது. அந்த எழுத்து வர்றப்ப நானே படிச்சுக்கறேன்."

திரும்பிக்கொண்டு பலகையைத் துடைத்தேன். முகத்தைக் காட்ட முடியவில்லை.

3

இந்த இடத்தில் அலுவலகம் குறுக்கே வருகிறது.

பஸ் போர்டு படிக்க வந்த காவலாளி அண்ணன், அதைப் படிக்கத் தெரிந்ததும் நின்றுவிட்டார். கையெழுத்துப் போட வந்த சமையல்கார அம்மா, போட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றெல்லாம் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அலுவலகக் கணக்கிலோ அவர்கள் "இடைநின்றவர்கள்". இடைநின்றவர்கள் மிகுந்த வகுப்புக்கு நிதி கிடையாது.

அதிகாரி நல்ல மனிதர்தான். "அந்தம்மா வார்த்தையப் படிச்சிட்டாங்கன்னு கதைய முடிங்க மேடம். நான் மேல சொல்லிப் பார்க்கறேன்" என்றார்.

ஆகவே ஒரு முடிவு: அக்கா படித்துவிடுகிறார். (பொய். ஆனால் நிதி வந்தால் வகுப்பு நடக்கும், நடந்தால் ழ வரும், பொய் மெய்யாகிவிடும். மனசாட்சியை இப்படிச் சமாளித்து அனுப்பிவைத்தேன்.)

பதில் வந்தது: "கற்றல் நிறைவுற்றதால் வகுப்பு இனித் தேவையில்லை."

(இந்த அளவுக்கு எனக்குக் கற்பனை போதாது.)

4

சிலேட்டுகளைத் துடைத்து ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. அக்கா கடைசியாக வந்தார். அவருடைய சிலேட்டில் ஒரே எழுத்து, அதன் பின்னால் சரிந்து போன ஒரு கோடு.

"இப்பல்லாம் அவருக்கு இதுக்கு மேல கை போகல டீச்சர். துடைக்க மனசு வரல. இந்த எழுத்த நான் படிச்சிட்டேன். அ."

உடைந்து அழுதார். யாராக இருந்தாலும் அப்போது என்ன சொல்வார்களோ, அதுதான் என் வாய்க்கும் வந்தது.

"அழா

(விழுங்கிவிட்டேன். அதை முதலில் சொன்னவர் வேறொருவர்.)

5

மாற்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். இன்னொன்றில் கணவரின் கை

வேண்டாம்.

அக்காவின் சிலேட்டு என் மேஜைமேல் இருக்கிறது. நாளைக் காலை அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். துடைத்துக் கொடுப்பதா, மிச்சத்தை எழுதி அக்காவிடம் கொண்டுபோவதா? எனக்குக் கை ஓடவில்லை. நீங்கள் இதுவரை ஒரு ழ-விலும் தடுக்கி விழவில்லை. சிலேட்டுக் குச்சி பக்கத்திலேயே இருக்கிறது.