விரல்களுக்குக் கீழே வாவி

நுஸ்ராவுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. காத்தான்குடியில் வாப்பா, உம்மாவோடு இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பனிகளின் வலைத்தளங்களைப் பரிசோதித்துக் கொடுப்பது அவளுடைய வேலை. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஒரு தளத்தின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை போய் வருவாள். எந்தப் பொத்தானுக்குப் பெயரில்லை, எந்த இடத்தில் குரல் சிக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது என்றெல்லாம் எழுதி அனுப்புவாள். படங்கள் வரும்போது மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. குரல் "படம்" என்று சொல்லும், அடுத்த வரிக்குப் போய்விடும். அவளும் கூடவே போய்விடுவாள்.

இணையத் தொழில்நுட்ப வளர்ச்சி பற்றிய சர்வதேச மாநாடு மட்டக்களப்பில் நடக்கப்போகிறது என்பதை அவளுக்குச் சொன்னவள் விதுர்ஷா. நாவற்குடாக்காரி. நுஸ்ராவோடு ஒரே குழுவில் வேலை செய்பவள், மாநாட்டு ஏற்பாட்டிலும் இருந்தாள்.

"நான் கொழும்பிலதான் வைப்பாங்க எண்டு நினைச்சன்," என்றாள் தொலைபேசியில். "கல்லடியில வைக்கிறாங்க, வாவியோரத்து ஹோட்டல்ல. நீ ரெண்டாம் நாள் பேசணும்."

"நான் என்னத்தப் பேசுற?"

"ஒவ்வொரு நாளும் எங்களுக்கு எழுதி அனுப்புற முறைப்பாட்ட அங்க வாயால சொல்லு. வேறொண்டும் வேணாம்."

முதல் நாள் காலையில் வாப்பா தன்னுடைய ஓட்டோவில் அவளைக் கொண்டுபோய் இறக்கினார். வாப்பா முகைதீன்பாவா அந்த ஹோட்டலின் வாசலைத் தாண்டவில்லை. பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டு ஓட்டோவைத் திருப்பினார். விதுர்ஷாவின் முழங்கையைப் பிடித்தபடி நுஸ்ரா உள்ளே போனாள்.

குளிர்ந்த பெரிய மண்டபம். கோப்பி வாசம். ஆங்கிலம் பத்து விதமாகக் காதில் விழுந்தது. ஒருவர் மூக்கால் பேசினார், ஒருவர் பாடுகிற மாதிரிப் பேசினார். விதுர்ஷா காதுக்குள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவற்றில் சில பெயர்கள் நுஸ்ராவுக்கு ஏற்கனவே தெரியும். அவள் தினமும் பாவிக்கும் உலாவிக்குள், ஏதோ ஒரு மூலையில், அந்த மனிதர்கள் எழுதிய வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மின்னஞ்சல் குழுக்களில் அவர்கள் வாதாடுவதை ஆண்டுக்கணக்காக வாசித்திருக்கிறாள். மலைமேல் இருக்கிற ஆட்களாக நினைத்திருந்தாள். இப்போது அவர்களில் ஒருவர் அவளுக்குப் பக்கத்தில் நின்று, சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டார். தேடிக் கொடுத்தாள். அவர் நன்றி சொன்னார்.

இடைவேளையில் விதுர்ஷா அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். புதிய கண்டுபிடிப்புகளை மேசை மேசையாக வைத்திருந்தார்கள். ஒரு மேசையில் பிரேசிலிலிருந்து வந்த லூசியானா இருந்தாள். கரகரத்த, மெல்லிய குரல் அவளுக்கு.

"கையைத் தரலாமா?" என்று கேட்டுவிட்டு, நுஸ்ராவின் இரண்டு கைகளையும் எடுத்து ஒரு பலகையின் மேல் வைத்தாள்.

பலகை முழுவதும் கடுகளவு தலைகொண்ட ஊசிகள் நெருக்கமாக நின்றன. குத்தவில்லை. வழவழப்பாக இருந்தன.

"இதைப் போன்ற பலகைகள் முன்பும் இருந்தன," என்றாள் லூசியானா. "ஆனால் ஒவ்வொரு படத்தையும் யாராவது முன்கூட்டியே இதற்கென்று செய்து வைக்க வேண்டும். இப்போது நாங்கள் உலாவிக்கே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதில் உள்ள படம் நேரே இங்கே எழும்பும். உங்களுக்கு எதைப் பார்க்க வேண்டும்?"

நுஸ்ரா திகைத்துப் போனாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தை," என்றாள். "நாம் இப்போது இருக்கிற இடத்தை."

லூசியானா ஏதோ தட்டினாள். அரிசியைச் சுளகில் சரித்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. விரல்களுக்குக் கீழே ஊசிகள் சில தாழ்ந்தன, சில எழுந்தன. பிறகு எல்லாம் அசையாமல் நின்றன.

"மேடாக இருப்பது நிலம். பள்ளம் தண்ணீர்," என்றாள் லூசியானா.

நுஸ்ரா வலது கையை நகர்த்தினாள். ஓரத்தில் மேடு முடிந்தது. அதற்கப்பால் பலகையின் விளிம்பு வரை வெறும் பள்ளம்.

"அது கடல்," என்றாள் விதுர்ஷா.

இடது கையை நகர்த்தினாள். அங்கும் மேடு முடிந்தது. அங்கும் பள்ளம்.

"இது?"

"அது வாவி."

வாவி என்றால் நுஸ்ராவுக்குக் கல்லடிப் பாலத்தில் முகத்தில் அடிக்கிற காற்று. ஓட்டோ பாலத்தில் ஏறினால் வாவி வரும், இறங்கினால் முடிந்துவிடும். உருண்டையான ஒரு பெரிய குளம் என்றுதான் அவள் மனதுக்குள் இருந்தது. அந்தப் பள்ளத்தின் கரையைப் பிடித்துக்கொண்டு அவள் விரல் தெற்கே போனது. முடியவில்லை. வளைந்தது, அகன்றது, ஒடுங்கியது, ஓரிடத்தில் கிளை விட்டது, மறுபடியும் நீண்டது. விதுர்ஷா கூடவே ஊர்ப்பெயர்களைச் சொல்லி வந்தாள்.

"இது கல்லடி. இது எங்கட நாவற்குடா. இந்தா, இது உங்கட ஊர். இன்னும் கீழ போ, போ... களுதாவளை."

"இன்னும் போகுதே."

"ஓம். இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு."

நுஸ்ரா விரலை மேலே நகர்த்தினாள். தன்னுடைய ஊர் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தாள். பெருவிரலைக் கடல் கரையிலும் சுட்டுவிரலை வாவிக் கரையிலும் வைத்தாள். ஒரு சிட்டிகை உப்பை எடுக்கிற அளவுதான் இடைவெளி. அவள் படித்த பள்ளிக்கூடம், பள்ளிவாசல்கள், சந்தை, தெரிந்த அத்தனை மனிதர்களின் வீடுகளும் அந்தச் சிட்டிகைக்குள் இருந்தன.

"ரெண்டு பக்கமும் தண்ணியா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பள்ளிக்கூடத்தில படிச்சன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில எண்டு சோதினையில எழுதியும் இருக்கன்." இரண்டு விரல்களையும் ஊசிகளில் அழுத்தினாள். "இப்பிடி எண்டு தெரியா."

அந்த விரல்களை எடுக்காமலே நின்றாள். அப்போதுதான் அந்தக் காலை நினைவுக்கு வந்தது.

சுனாமி வந்த காலை. அப்போது அவர்கள் பூநொச்சிமுனையில், கடலுக்குக் கிட்ட இருந்தார்கள். அவள் சின்னப் பிள்ளை. வாப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னால் மரங்கள் முறிகிற சத்தமும் ஆட்களின் ஓலமும் கேட்டன. ஓடி ஓடி, ஒரு இடத்தில் வாப்பா நின்றுவிட்டார். சத்தம் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் நின்றுவிட்டார். அவளை இறுக்கிக்கொண்டு, சாகிற நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொன்னார். வாப்பாவுக்குக் கால் ஏலாமல் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள், வளர்ந்த பிறகும் அப்படித்தான் நினைத்தாள். அன்றைக்கு உம்மாவின் தங்கச்சி கடலில் அகப்பட்டு மௌத்தாகிப் போனதால் வீட்டில் யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை.

"விதுர்ஷா," என்றாள். "பின்னேரம் வாப்பா வருவார். அவர இஞ்ச கூட்டிட்டு வருவியா?"

முகைதீன்பாவா தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றவா என்று அவர் வாசலில் கேட்டது நுஸ்ராவின் காதில் விழுந்தது. லூசியானா மற்றவர்களை அனுப்பிவிட்டு மேசையை அவர்களுக்கு விட்டுக் கொடுத்தாள்.

"இது என்ன மகள்?"

"எங்கட ஊர் வாப்பா. கைய வெச்சுப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு அவள் கை இருந்த இடத்தில் தன் கையையும் வைத்தார். ஓட்டோ பிடித்துக் காய்ந்துபோன கை. "அல்லாஹ்," என்றார் மெதுவாக. "இது ஆறு. இது கடல். இத நீயாப் பார்த்தியா?" வாவியை ஊரில் பெரியவர்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"நானாத்தான் பார்த்தன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாப்பா, சுனாமியண்டைக்கு நாம எந்த இடத்தில நிண்ட?"

அவர் அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து நிலத்தின் மேல் குறுக்கே கொண்டுபோனார். மேடு முடிந்து பள்ளம் தொடங்குகிற விளிம்பில் நிறுத்தினார்.

"இஞ்ச."

"நான் நீங்க களைச்சுப் போய் நிண்டீங்க எண்டு நினைச்சன்."

"களைக்கல்ல மகள். போறதுக்கு இடமில்ல. பின்னால கடல் வருது. முன்னால ஆத்திலயும் தண்ணி ஏறிட்டு வருது. உன்னத் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்கிறதா, எறியிறதா, எங்க எறியிற எண்டு..."

"பிறகு ஒரு தோணியில போனமே. நாம கடல்ல போனமெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

"கடலா? கடல்ல போயிருந்தா இண்டைக்கு நாம இல்ல." அவள் விரலைப் பள்ளத்துக்குள் இறக்கினார். "இதுக்கு மேலால. இஞ்ச இருந்து அங்கால, படுவான்கரைக்கு. அழகரத்தினம் எண்டு ஒரு மனிசன். மீன் பிடிக்கிறவர். அந்தக் கரையில பத்திரமா நிண்டவர். இந்தக் கரையில ஆக்கள் கத்துறதக் கேட்டுப்போட்டுத் தோணியத் தள்ளிக்கொண்டு வந்த. ஆரு எவரெண்டு கேக்கல்ல. ஏத்தி ஏத்தி அங்கால கொண்டுபோய் விட்ட. எத்தினை தரம் வந்து போனாரெண்டு அவருக்கே தெரியா."

நுஸ்ரா அந்தப் பள்ளத்தைக் கடந்து பார்த்தாள். சூரியன் எழுகிற பக்கத்துக் கரையிலிருந்து விழுகிற பக்கத்துக் கரைக்கு. ஒரு விரலின் அகலம்கூட இல்லை. அந்த அகலத்தில் கைவிடப்படாமல் கொண்டுபோகப்பட்டிருக்கிறாள். மறுபடியும் கடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் கடந்தாள்.

"அவர் இப்ப இருக்காரா வாப்பா?"

"இருக்கார். வயசு போயிட்டு. பெருநாளைக்குப் பெருநாள் நான் போய்ச் சாப்பாடு குடுத்திட்டு வாறன்."

"என்னக் கூட்டிப் போகல்லயே நீங்க."

"நீ அந்த நாளத் திரும்ப நினைக்கப் படாதெண்டு இருந்திட்டன்."

அடுத்த நாள் நுஸ்ரா மேடையில் பேசினாள். முறைப்பாடுகளைச் சொன்னாள், எழுதி வைத்திருந்தபடியே. கடைசியில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள். படத்துக்குக் கீழே விளக்கம் எழுதுங்கள் என்று இத்தனை வருடமும் கேட்டுவந்தேன், இனியும் கேட்பேன், ஆனால் நேற்று ஒரு படத்தையே பார்த்தேன், எனக்கு அதுவும் வேண்டும் என்றாள். சீனி கேட்ட மனிதர் எழுந்துவந்து, அந்தப் பலகையில் கடலும் வாவியும் கைக்கு ஒரே மாதிரி இருப்பது சரிதானா என்று அவளிடம் கேட்டார். சரியில்லை என்றாள். அவரும் லூசியானாவும் அவளும் மத்தியானச் சாப்பாட்டை மறந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். போகும்போது லூசியானா அந்தப் பரிசோதனைக் குழுவில் சேரச் சொன்னாள். நுஸ்ரா ஓம் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வாப்பாவும் மகளும் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போனார்கள். பாலத்தில் ஏறியதும் அவள் இரண்டு கைகளையும் ஓட்டோவுக்கு வெளியே நீட்டினாள். வலது பக்கம் எவ்வளவு தூரம் தண்ணீர், இடது பக்கம் எவ்வளவு தூரம் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. முன்னால் இருந்து வாப்பா, கைய உள்ள எடு மகள் என்றார்.

அழகரத்தினம் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் தேய்ந்துபோன குரலில், "ஆரு, பாவாவா? பெருநாள் இன்னும் வரல்லயே," என்றார்.

"மகளக் கூட்டி வந்திருக்கன்."

"தோளில இருந்த புள்ளயா? இவ்வளவு வளர்ந்திட்டாவா."

நுஸ்ரா முற்றத்து மணலில் குந்தினாள். உள்ளங்கையால் மணலை மட்டமாக்கினாள். பிறகு விரலால் கீறத் தொடங்கினாள். ஒரு கரையை இழுத்தாள், அதன் வளைவோடு மறு கரையை இழுத்தாள், அகலும் இடத்தில் அகட்டி, ஒடுங்கும் இடத்தில் ஒடுக்கி, கிளை விடும் இடத்தில் விட்டு, மட்டமாக்கிய மணல் முடிகிற இடம் வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள்.

கதிரை முனகியது. கிழவர் எழுந்து கிட்ட வந்து நின்றார்.

"இது எங்கட ஆறுதானே," என்றார். "புள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

"தொட்டுப் பார்த்தன்," என்றாள் நுஸ்ரா. "ஐயா, அண்டைக்கு நீங்க தோணியத் தள்ளின இடம் எது?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் மெல்ல மெல்லக் குந்தினார். அவளுடைய கையைப் பிடித்து மேற்குக் கரையில் ஒரு இடத்தில் வைத்தார்.